இரைச்சல் எங்கையிருந்து வருகுது?

போன மாரிகாலத்தில் மகன் என்னுடைய பழைய வானுக்குப் புது றேடியோவும், பின்னுக்கு ஒரு அம்ப்ளிஃபயரும் பூட்டித் தந்தான். நான் கேட்கவில்லை. "அப்பா, உங்கட வானிலை பாட்டுக் கேட்டா தகரப்பேணியிலை கேக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லித் தானே வயர் இழுத்துப் பூட்டினான். என்ஜின் நிற்கும்போது எல்லாம் அருமை. திறப்பைத் திருப்பி ஸ்ராட் பண்ணினதும் ஸ்பீக்கருக்குள் ஒரு நுளம்பு வந்து இருந்துவிடும். காலை அழுத்தினால் நுளம்பின் குரல் ஏறும். காலை எடுத்தால் இறங்கும். ஐ.....ங் என்று.

பாட்டுக் கேட்பதற்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதே கிழமைதான் அவன் என்னுடைய பழைய கசற் ஒன்றைக் கணினியில் ஏற்றித் தந்திருந்தான். 1994இல் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து பேசி, கொழும்புக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய கசற். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்புவது எங்களில் பலருக்குத் தெரிந்த வழக்கம்தானே. வேலைக்குப் போகும் நாற்பது நிமிடத்தில் தனியே இருந்து கேட்கலாம் என்று நினைத்தேன். அம்மாவின் குரலுக்கு மேல் நுளம்பு.

ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். றேடியோ பழுது என்று சொல்லி வேறொன்று மாற்றினார்கள். காசும் போனது, நுளம்பும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் நானே இறங்கினேன். இறங்கியபோது வயரை மட்டுமில்லை, இந்த இரைச்சலின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அது நான் நினைத்ததைவிடப் பழைய கதை. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

கார் றேடியோவில் வழக்கமாக வரும் இரைச்சல் இரண்டு வகை. ஒன்று "டிக் டிக் டிக்" என்று என்ஜின் ஓட்டத்தோடு சேர்ந்து அடிப்பது. அது ஸ்பார்க் பிளக்குகளில் இருந்து வருவது. மற்றது என் வானில் இருந்த நுளம்பு. அது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்ட்டர்னேற்றரில் இருந்து வருவது. இந்த இரண்டும் றேடியோவுக்கு அந்நியமானவை அல்ல. மனிதன் ஆரம்ப காலத்தில் செய்த வானொலி அனுப்பிகளில் இவை இரண்டும் உண்டு!

ஹேர்ட்ஸ் 1887-88இல் ஜேர்மனியின் காள்ஸ்றூவில் மின்காந்த அலைகளைச் செய்து காட்டியபோது அவருடைய அனுப்பி ஒரு மின்பொறிதான். ஒரு சுருளில் இருந்து உயர் அழுத்தம், இரண்டு உலோக முனைகளுக்கு நடுவில் சிறு இடைவெளி, அதற்குள் பொறி. மார்க்கோனி 1901 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தின் சென். ஜோன்ஸ் நகரக் குன்றில் இருந்து, அத்திலாந்திக்குக்கு அப்பால் இருந்து வந்த எஸ் என்ற எழுத்தைக் கேட்டேன் என்று அறிவித்தாரே, அந்த அனுப்பியும் பொறிதான். ஒரு காரின் பொனற்றைத் திறந்து பாருங்கள்: ஒரு சுருள், உயர் அழுத்தம், இரண்டு முனை, சிறு இடைவெளி, பொறி. பொறியில் இருந்து வெளிப்படும் சக்தி பரந்த அலைவரிசைகளில் ஒரேயடியாகச் சிதறும். ஓடும் ஒவ்வொரு பெற்றோல் காரும் அனுமதிப்பத்திரம் இல்லாத ஒரு சின்ன வானொலி நிலையம்.

ஆல்ட்டர்னேற்றரின் கதை இன்னும் சுவாரசியம். பொறியால் தந்தி அடிக்கலாம், மனிதக் குரலைச் சுத்தமாக அனுப்பமுடியாது. இதை நன்றாக உணர்ந்தவர் கனடாவின் கியூபெக்கில் பிறந்த றெஜினால்ட் ஃபெஸன்டன். 1900 டிசம்பரில் பொறி அனுப்பியாலேயே குரலை அனுப்பிப் பார்த்தார். சொற்கள் கேட்டன, கூடவே பெரிய இரைச்சலும் கேட்டது. தொடர்ச்சியான அலை வேண்டும் என்று அவர் விடாமல் நின்றார். ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்தின் அலெக்சாண்டர்சன் அவருக்காக மிக வேகமாகச் சுழலும் ஒரு ஆல்ட்டர்னேற்றரைச் செய்தார். 1906 டிசம்பரில் அமெரிக்காவின் பிறான்ட் றொக்கில் இருந்து ஃபெஸன்டன் அதன் அலையில் குரலை ஏற்றி அனுப்பிக் காட்டினார். ஆக, சுழலும் இயந்திரம் ஒன்று பாடியதால்தான் வானொலியில் குரல் பிறந்தது.

பொறி அனுப்பிகள் மற்ற எல்லாருக்கும் இடைஞ்சல் என்பதால் 1927 வாஷிங்டன் மாநாட்டில் நாடுகள் அவற்றைப் படிப்படியாகக் கைவிட ஒப்புக்கொண்டன. கப்பல்களிலும் கரைகளிலும் பொறி அடங்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில் தெருவெல்லாம் கார்கள் நிறைந்தன. அதாவது பொறி அனுப்பிக்கு நாலு சில்லு முளைத்துவிட்டது. அதற்குள்ளேயே ஒரு றேடியோவைக் கொண்டுபோய் வைத்தார்கள் சிலர்.

அவர்களில் பெயர் பெற்றவர்கள் சிக்காகோவின் கல்வின் சகோதரர்கள், போலும் ஜோசப்பும். 1928இல் அவர்கள் தொடங்கிய சிறிய நிறுவனத்தின் முதல் பண்டம் 'பற்றரி எலிமினேற்றர்'. வீட்டு றேடியோக்கள் அப்போது பற்றரியில்தான் ஓடின. அதை வீட்டு மின்சாரத்தில் ஓட வைக்கும் பெட்டி அது. ரொறன்ரோவில் இருக்கும் எங்களுக்கு இங்கே ஒரு சின்னப் பெருமை. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக, அதன் உறுமல் கேட்காமல் ஓடும் றேடியோவை 1925இல் ரொறன்ரோ கண்காட்சியில் விற்பனைக்கு வைத்தவர் எட்வேர்ட் றொஜேர்ஸ் என்ற இருபத்தைந்து வயது இளைஞர். இன்று கேபிளுக்கும் செல்பேசிக்கும் நாங்கள் மாதம்தோறும் பணம் கட்டும் அந்தப் பெயர்தான், அவருடைய மகன் தொடங்கிய நிறுவனம். தகப்பன் 1927இல் தொடங்கிய வானொலி நிலையத்தின் அழைப்புப் பெயர் சி.எஃப்.ஆர்.பி. 'கனடாவின் முதல் றொஜேர்ஸ் பற்றரியில்லா நிலையம்' என்பதன் சுருக்கம். உறுமலை அடக்கிய வெற்றியை நிலையத்தின் பெயரிலேயே எழுதி வைத்தார்!

வீடுகளுக்கு இப்படியான றேடியோக்கள் வந்ததும் எலிமினேற்றருக்கு வேலை இல்லாமல் போனது. அப்போதுதான் போல் கல்வின் காருக்கு றேடியோ செய்யத் திரும்பினார். அதில் பெரிய தலையிடி றேடியோவைச் செய்வது அல்ல. என்ஜினை வாய்மூட வைப்பது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு தடை (றெசிஸ்ரர்), பொறி பங்கிடும் டிஸ்றிபியூற்றரில் ஒன்று, டைனமோவில் ஒரு கப்பாசிற்றர் என்று ஒவ்வொன்றாகக் கட்டிப்போடவேண்டியிருந்தது. 1930 ஜூனில் வானொலித் தயாரிப்பாளர்களின் மாநாடு அத்திலாந்திக் நகரில் நடந்தபோது, உள்ளே கடை போட வசதி இல்லாத கல்வின் தன் ஸ்ரூடிபேக்கர் காரை வெளியில் நிறுத்தி, வந்து போகிறவர்களுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டினார். அந்தப் பெட்டிக்கு வைத்த பெயர் மோட்டோறோலா. பிறகு அது நிறுவனத்தின் பெயராகவே ஆனது. 110 டொலருக்கு மேல் விலை. பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அது சாமானியக் காசு அல்ல.

அதன்பிறகு வந்த நாற்பது ஆண்டு வரலாற்றை ஒரே வரியில் சொல்லலாம்: ஒரு சத்தத்தை அடக்க, அடுத்த சத்தம் வந்தது. கனத்த பற்றரிகளை ஒழிக்க 1930களில் 'வைபிறேற்றர்' என்ற துடிக்கும் கருவி வந்தது. அது தானே ஒரு பொறிப்பெட்டி. அதை அடக்கத் தகரக் கூடு. 1933இல் ஆம்ஸ்ட்றோங் என்ற அமெரிக்கர் எஃப்.எம். முறைக்குக் காப்புரிமை பெற்றார். இடியும் பொறியும் அலையின் உயரத்தைத்தான் பெரும்பாலும் குழப்பும். ஆகவே செய்தியை உயரத்தில் வைக்காமல் அதிர்வெண்ணில் வைத்துவிட்டால் குழப்பம் குறையும் என்பது அவருடைய யோசனை. இரைச்சலை வென்ற அந்த மனிதர் ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு காப்புரிமை வழக்கில் ஆண்டுக்கணக்காக அலைந்து, 1954இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இன்று றேடியோவில் இருந்து அம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரின் பெயர் ஆர்.சி.ஏ. வயர். என் நுளம்பு வந்து ஏறியதும் அந்த வயரில்தான்.

எங்கள் தலைமுறைக்கு எஃப்.எம்.மோடு இன்னொரு உறவும் உண்டு. இங்கே 24 மணிநேரத் தமிழ் வானொலிகள் தொடங்கிய காலத்தில் அவை எஃப்.எம். நிலையங்களின் துணை அலையில்தான் வந்தன. அதற்கென்று தனிப்பெட்டி வாங்கவேண்டும். அதன் அன்ரெனாவை யன்னல் யன்னலாகத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்களுக்கு, அலையை எவ்வளவு நல்லாகச் செய்தாலும் இரைச்சல் வேறு வாசலால் வரும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சட்டமும் வந்தது. 1934இல் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு பாரிசில் கூடி, எந்த இயந்திரம் எவ்வளவு இரைச்சல் போடலாம் என்று அளக்கத் தொடங்கியது. 1952இல் பிரித்தானியா புது வாகனங்களின் பொறிக்கு விதி போட்டது. தெருவில் கார் போனால் வீட்டுக்குள் தொலைக்காட்சிப் படம் கலங்கிய காலம் அது. 1972இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை தன் விதியை இயற்றியது. இந்தச் சட்டங்கள் எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. காருக்குள் இருப்பவனின் பாட்டைக் காப்பாற்ற அவை வரவில்லை. தெருவில் வீடு இருக்கும் மற்றவனின் காதைக் காப்பாற்றத்தான் வந்தன. இன்றைய பிளக்குகள் பலவற்றின் எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். உள்ளே தடை இருக்கிறது என்று அர்த்தம். அந்த எழுத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை.

இனி நுளம்பு. 1960இல் கிறைஸ்லர் தன் வலியன்ட் காரில் பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்ட்டர்னேற்றரை வைத்தது. சிலிக்கன் டயோட் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதால் முடிந்த காரியம் அது. ஆல்ட்டர்னேற்றர் தருவது ஆடலோட்டம். அதை ஆறு டயோட்கள் ஒருபக்கமாகத் திருப்பிப் பற்றரிக்கு அனுப்பும். திருப்பிவிட்டாலும் அது மட்டமான கோடு அல்ல, மேடுகளும் பள்ளங்களும். பன்னிரண்டு துருவம் உள்ள வழக்கமான ஆல்ட்டர்னேற்றர் ஒரு சுற்றில் 36 மேடு தரும். என்ஜினைவிட அது மூன்று மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்று வைத்தால், என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றும்போது விநாடிக்கு 1440 மேடு. 2000 சுற்றுக்கு 3600 மேடு. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அது. காலை அழுத்த நுளம்பின் குரல் ஏறியதன் இரகசியம் இவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு 1991ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் ரோர்ச் பற்றரியும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். சைக்கிள் டைனமோவும் ஒரு குட்டி ஆல்ட்டர்னேற்றர்தான். எங்கள் ஒழுங்கையில் றேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் பிடித்துத் தந்தார். பி.பி.சி. தமிழோசைக்கும் வெரித்தாசுக்கும் ஒழுங்கையே எங்கள் விறாந்தையில் கூடும். சுற்றுகிறது என் வேலை. வேகமாகச் சுற்றினால் ஒரு உறுமல் ஏறும், மெதுவாகச் சுற்றினால் குரல் செத்துப்போகும். ஒருநாள் குண்டுவீச்சுச் செய்தி. சரியாக ஊரின் பெயர் வரும் இடத்தில் நான் பயத்தில் வேகமாகச் சுற்றிவிட்டேன். உர்ர்... "எந்த ஊராம்? எந்த ஊர் சொன்னவங்கள்?" என்று அப்பா எல்லாரையும் கேட்டார். ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் கலியாணம் கட்டிப் போன மாமி குடும்பம் தப்பிவிட்டது என்று தெரியவர மூன்று நாள் ஆனது.

மறுநாள் அந்த அண்ணையிடம் போய், றேடியோ சரியில்லை, வேறு பாருங்கோ என்றேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, றேடியோவிலை பிழை இல்லை. அது தனக்கு வாறதைத்தான் சொல்லும். இரைச்சல் எங்கையிருந்து வருகுது எண்டு முதல் பார், பிறகு மருந்து தேடு" என்று சொல்லி இன்னும் ஒரு கப்பாசிற்றரைச் சேர்த்து ஒட்டினார். உறுமல் முக்கால்வாசி அடங்கியது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது.

முப்பது வருசம் கழித்து ரொறன்ரோ கடைக்காரர் செய்த பிழை, நான் அன்று செய்த அதே பிழைதான். ஆகவே அண்ணை சொன்ன ஒழுங்கிலேயே வானைப் பார்த்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் இரைச்சல் என்ஜினோடு ஏறி இறங்குகிறதா? ஆம். ஆகவே ஆல்ட்டர்னேற்றர் பக்கம். (டிக் டிக் என்றால் பிளக், பிளக் வயர். என்ஜின் வேகத்தோடு மாறாமல் ஒரே மாதிரி என்றால் பெற்றோல் பம்ப் அல்லது காற்றாடி.) இரண்டாவது, றேடியோவின் சத்தத்தைக் குறைத்தால் நுளம்பும் குறைகிறதா? இல்லை. ஆகவே றேடியோவின் சத்தக் கட்டுப்பாட்டுக்குப் பிறகுதான் எங்கேயோ நுழைகிறது. மூன்றாவது, அம்ப்ளிஃபயரில் இருந்து ஆர்.சி.ஏ. வயரைக் கழற்றினேன். நுளம்பு செத்தது! ஆகவே அம்ப்ளிஃபயரிலும் பிழை இல்லை, வயரோடுதான் வருகிறது. நாலாவது, பற்றரியில் மீற்றரை ஆடலோட்ட வோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்ட்டர்னேற்றரின் டயோட் ஒன்று போயிருக்கலாம் என்பது மெக்கானிக்மாரின் கணக்கு. எனக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆல்ட்டர்னேற்றர் சுகம்.

மிஞ்சியது ஏர்த். மகன் அம்ப்ளிஃபயரின் ஏர்த் வயரைப் பின்பக்கம் பெயின்ற் அடித்த ஒரு ஆணியில் பூட்டியிருந்தான். பெயின்ற் மின்சாரத்தை விடாது. நூறில் ஒரு ஓம் தடை இருந்து, 5 அம்பியர் போனாலே 50 மில்லிவோல்ட் வித்தியாசம். அதாவது றேடியோவின் ஏர்த்தும் அம்ப்ளிஃபயரின் ஏர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. அந்த வித்தியாசம் வேறு வழி தேடி ஆர்.சி.ஏ. வயரின் வெளிக்கவசத்தால் ஓடும். அந்த வயரில் பாட்டே ஒன்றிரண்டு வோல்ட்தான். பெயின்றைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியவைத்து, அரை மீற்றருக்குள் ஒரு தடித்த வயரால் இறுக்கிப் பூட்டினேன். பற்றரி வயரும் ஆர்.சி.ஏ. வயரும் ஒன்றாகக் கிடந்ததைப் பிரித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் விட்டேன். கடையில் விற்கும் 'ஐசோலேற்றர்' பெட்டியை வாங்கவில்லை. அது வருத்தத்தை மறைக்கும், மாற்றாது. தாழ்ந்த ஒலியையும் கொஞ்சம் தின்றுவிடும்.

ஸ்ராட் பண்ணினேன். காலை அழுத்தினேன். அமைதி.

இந்தக் கதை முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மின்சாரக் கார்களில் பொறியும் இல்லை, அந்த ஆல்ட்டர்னேற்றரும் இல்லை. ஆனால் மோட்டரை ஓட்டும் இன்வேற்றர் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. ஏ.எம். அலை அதில் கலங்குகிறது. சில கம்பனிகள் மின்சாரக் கார்களில் ஏ.எம். றேடியோவையே எடுத்துவிட்டன. 2023இல் ஃபோர்ட் அப்படி எடுக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டில் பின்வாங்கியது. எதிர்த்தவர்கள் சொன்ன முக்கியக் காரணம், ஆபத்து வேளையில் மற்றதெல்லாம் விழுந்தாலும் செய்தி ஏ.எம்.மில் வரும் என்பது. விறாந்தையில் டைனமோ சுற்றியவனுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1930இல் கல்வின் என்ஜினை அடக்கினார். இன்று சிலர் றேடியோவைக் கழற்றிவிட்டு இரைச்சல் போய்விட்டது என்கிறார்கள்.

சரி, கசற்றுக்கு வருகிறேன். நுளம்பு போன பிறகு, அடுத்த நாள் காலை அம்மாவைப் போட்டேன். குரல் தெளிவு. ஆனால் அதற்குப் பின்னால் இன்னும் ஒரு மெல்லிய உறுமல். வானை ஓரமாக நிறுத்தி என்ஜினை நிறுத்தினேன். உறுமல் நிற்கவில்லை. அப்படியென்றால் காரில் இல்லை, கசற்றிலேயே இருக்கிறது. பழைய கசற்தானே என்று விடப்பார்த்தேன். ஆனால் அண்ணை சொன்னது காதில் கிடந்தது. எங்கையிருந்து வருகுது?

கவனித்துக் கேட்டேன். உறுமல் ஒரே மாதிரி இல்லை. மூச்சு வாங்குவது போலக் கூடிக் குறைகிறது. ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை அம்மாவின் குரல் மெலிந்து கீச்சென்று வேகமாகப் போகிறது, பிறகு பழையபடி வருகிறது. பதிவுசெய்யும் ரேப் மெதுவாக ஓடினால், திருப்பிப் போடும்போது குரல் அப்படித்தான் கேட்கும். மெதுவாக ஓடியதென்றால் மின்சாரம் குறைந்திருக்கிறது. 1994இல் எங்கள் வீட்டில் மின்சாரம் ஏது?

இலண்டனில் இருக்கும் தங்கச்சிக்கு அன்றிரவு போன் எடுத்துக் கேட்டேன். "ஓம் அண்ணா, அப்பாதான் சுத்தினவர். அம்மா கதைச்சு முடியுமட்டும். நான் மாறிச் சுத்திறன் எண்டு கேட்டனான், விடேல்லை. 'என்னப்பா, நீங்களும் ரெண்டு சொல்லுக் கதையுங்கோவன்' எண்டு அம்மா கேட்டவ. கதைச்சா சுத்து நிண்டுபோம் எண்டு தலையை ஆட்டிப்போட்டுச் சுத்தினவர்" என்றாள்.

அப்பா 1997இல் வன்னியில் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டார். நான் 1992இல் வெளிக்கிட்ட பிறகு அவரைக் காணவில்லை. அந்தக் கசற்றில் அப்பா ஒரு சொல்லும் பேசவில்லையே என்று இத்தனை வருசமும் எனக்கொரு மனக்குறை இருந்தது.

மகன் விசயம் தெரியாமல், "அந்த ஹம்மைக் கணினியிலை எடுத்துவிடலாம் அப்பா, பத்து நிமிச வேலை" என்றான். வேண்டாம் என்றேன். தங்கச்சிக்கு மட்டும், சொல் விளங்கட்டும் என்று சுத்தம் செய்த பிரதி ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"சும்மா இரு அண்ணா. உள்ளபடியே அனுப்பு" என்றாள். அப்படியே அனுப்பிவிட்டேன்.